முதுகு வரைந்த நோட்டு

அத்தியாயம் பதினான்கு

நோட்டைக் காணோம் என்று பெரியவள் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சென்ற வாரம் அவளை விட்டுவந்தோம். ஓர் இரவு போய்விட்டது. விடிந்த பிறகும் அவள் தலை கட்டிலுக்கடியில்தான் இருந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு வீடு, இரண்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள். கண்ணாடிக் கடையில் ஆட்களுக்கு அளவெடுத்து லென்ஸ் தேய்த்துத் தருகிறாள். தம்பியைக் கட்டியவள் சின்னவள். விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் நின்றபடியே நாள் முழுக்க இஸ்திரி போடுகிறாள். தம்பி கப்பலேறி ஐந்து மாதமாகிறது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று இருப்பது "பால் வந்தாச்சு", "கேஸ் தீரப்போகுது" இரண்டும்தான். பதினோரு வருடமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடவில்லை.

தொலைந்தது சாதாரண நோட்டு இல்லை. ஐந்து ஊர்களில் ஐந்து பேர் அதில் வரைகிறார்கள். ரயில் பெட்டி கழுவுகிறவர் ஒருவர், பள்ளிக்கூடச் சமையல்காரி ஒருத்தி, பல் மருத்துவரின் உதவியாளர் ஒருவர், தேனீ வளர்க்கும் அம்மாள், அப்புறம் நம் பெரியவள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் ஏழு நாள் தங்கும் நோட்டு, பிறகு கூரியரில் அடுத்த ஊருக்குப் போகும். இடப்பக்கத்தில், மற்றவர்கள் வரைந்ததில் பிடித்த ஒன்றைத் தன் கையால் திரும்ப வரைய வேண்டும். வலப்பக்கத்தில், தன் வீட்டில் அன்றைக்கு நடந்ததை வரைய வேண்டும். முகம் வரையக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. ஏழு நாளைத் தாண்டக் கூடாது.

இன்று ஏழாம் நாள். கூரியர் கடை ஆறு மணிக்கு மூடும்.

"கட்டிலைத் தூக்கிப் பிடிக்கட்டுமா?" என்றார் கணவர். முகத்தில் சோப்பு நுரை. "இல்ல, நீ அங்கயே குடியிருக்கப் போறியா?"

"நேத்து சாயங்காலம் மேஜை மேல இருந்தது. கால் முளைச்சா போயிருக்கும்?"

"நோட்டுதானே. கடையில டஜன் கணக்குல விக்கறான்."

பெரியவள் தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் விலை அவருக்குத் தெரியும். சத்தமில்லாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைபேசி ஒலித்தது. தேனீ அம்மாளிடமிருந்து செய்தி. நோட்டு அடுத்து போக வேண்டியது அவரிடம்தான். கூட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான். "ஏழாம் நாள். மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்று கிளம்பிவிடும் என்று நினைக்கிறேன்."

பார்க்க எவ்வளவு சாதுவான வார்த்தைகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கூட்டத்தில் டிராம் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள் தாமதித்தார். அவருக்கும் இப்படித்தான், மேஜையைத் துடைத்து வைத்திருப்பதாக ஒரு செய்தி போயிருந்தது. அடுத்த சுற்றில் நோட்டு அவருடைய ஊரைத் தாண்டிக்கொண்டு போனது. யாரும் திட்டவில்லை. யாரும் அவரைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை.

பெரியவள் வரைவதை இந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. கடையில் அவள் லென்ஸ் உறைகளின் பின்பக்கத்தில் கிறுக்குவதை முதலாளி குப்பையில் போடுவார். எங்கோ நான்கு மேஜைகளில், விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு நான்கு பேர் பார்க்கிறார்கள். அந்த நாலு ஜோடிக் கண்களும் போய்விட்டால் அப்புறம் அவள் வெறும் கண்ணாடிக் கடைக்காரி.

"அவகிட்ட நீங்க கேளுங்களேன்," என்றாள் கணவரிடம்.

"நானா? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை நான் எடுத்துடுவேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் மாட்டிக்கிட்டா என்னை யாரு எடுப்பா?"

அடுப்படியில் சின்னவள் நின்றிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. உச்சியில் இறுக்கிய கொண்டை, சட்டைக் கழுத்தின் பின்புறம் குத்திய ஊக்கு, வலது முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு. இடது தோள் எப்போதும் ஓர் அங்குலம் தூக்கியே இருக்கும், யாரோ தொடப்போகிறார்கள் என்பதுபோல. கோபத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முதுகைப் பெரியவள் வேறெங்கும் கண்டதில்லை. கேட்க வந்த கேள்வியை மறந்து, அந்தத் தோள்கோட்டை மனசுக்குள் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டாள்.

"என் நோட்டு மேஜை மேல இருந்தது," என்றாள் பிறகு.

"எந்த நோட்டு?" சின்னவள் திரும்பவில்லை. "என் முதுகு இருக்கே, அந்த நோட்டா?"

பெரியவள் ஓர் அடி கிட்டே போனாள்.

"கொடுத்துடு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

"ரெண்டரை மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வருவேன். அப்ப பேசலாம்."

"இப்பவே கொடு."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு அக்கா. உங்களை மாதிரி உக்காந்து பாக்கற வேலை இல்ல என்னுது."

சின்னவள் அடுப்பை அணைத்தாள். தன் அறைக்குப் போனாள். தோளில் பெரிய பையுடன் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பெரியவளைக் கடந்துபோகும்போது தோள் உரசிவிடக் கூடாது என்று சுவரோரமாக ஒதுங்கிப் போனது, உரசியிருந்தால் வலித்திருக்கக் கூடியதைவிட அதிகமாக வலித்தது.

அன்று கடையில் பெரியவள் தொட்டதெல்லாம் கோணலாகப் போனது. ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் பொருத்தினாள். அவர் போட்டுக்கொண்டு, "உலகம் சாய்ஞ்சு தெரியுதும்மா," என்றார். முதலாளி வாயைத் திறக்குமுன் அவளே மன்னிப்புக் கேட்டாள். மதியம் ஒரு மணிக்குக் கணவருக்குப் போன் செய்தாள்.

"உங்க டூல் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. ஒரு பூட்டைத் திறக்கணும்."

"எந்தப் பூட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

எதிர்முனையில் ஏதோ இரும்பு விழுந்தது. "அது தம்பி ரூம்டி. கப்பல்லேர்ந்து அவன் கேட்டா என்ன சொல்லுவேன்? உங்க அண்ணி படம் வரையறதுக்காகப் பூட்டை உடைச்சேன்னா?"

"அது ஒரு காலத்துல என் ரூம்."

பெரியவள் போனை வைத்தாள். தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

சின்னவள் இரண்டே முக்காலுக்கு வந்தாள். சலவைத் தூளின் வாடையும் கூட வந்தது. நாற்காலியைப் பார்த்தாள்; காவலுக்கு நிற்கும் ஆளைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் போனாள். கதவைத் திறந்து உள்ளே போய், தலையணை உறை ஒன்றில் சுற்றிய நோட்டுடன் வந்தாள். அடுப்படி மேஜை மேல் வைத்தாள். உறை புத்தம் புதிதாக இஸ்திரி போட்டிருந்தது.

"உக்காருங்க," என்றாள்.

பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நாள் முழுக்கக் கனத்த பெட்டியை அழுத்திப் பழகிய கை. நோட்டு நகரவில்லை.

"மொதல்ல நான் பாத்ததை நீங்க பாக்கணும்."

அவளே பக்கங்களைப் புரட்டினாள். ரயில் பெட்டி கழுவுகிறவர் அந்த முதுகைச் சன்னல் இல்லாத நீளமான சுவராக வரைந்திருந்தார். சுவரின் நடுவே அந்த ஊக்கு மட்டும் ஆணிபோல் அடித்திருந்தது. சமையல்காரி அதைப் பூட்டிய அலமாரியாக்கி, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் தழும்பை வைத்திருந்தாள். பல் மருத்துவரின் உதவியாளர் வரைந்ததில் முதுகு மலைபோல் எழுந்து நிற்க, அதன் அடிவாரத்தில் எறும்பு அளவுக்கு ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேனீ அம்மாள் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கோடுதான் இழுத்திருந்தார், தூக்கிய இடது தோள். அந்த ஒரு கோட்டிலேயே ஆள் யாரென்று தெரிந்தது.

மூன்று வருடமாகப் பெரியவள் தன் பங்குக்கு வரைந்த முதுகுகளில் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் யாராவது தேர்ந்தெடுத்துத் திரும்ப வரைந்திருந்தார்கள். பெரியவளின் பக்கங்களிலேயே அவர்களுக்கு அதிகம் பிடித்தது அதுதான். அதை நினைத்து எத்தனையோ நாள் அவள் உள்ளுக்குள் பூரித்திருக்கிறாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் சின்னவள். "எண்ணினேன். இஸ்திரிப் பெட்டியைத் தேடி உங்க மேஜைக்கு வந்தேன். நோட்டு திறந்து கிடந்தது. நாப்பத்தோரு இடத்துல நான் நிக்கறேன்."

"முகமே இல்லியே. யாருன்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"அதுக்குத்தான் அந்த விதியே. யாரும் புண்படக் கூடாதுன்னு…"

"இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல. என் முழங்கையில சூடு பட்டது வரைக்கும் அவங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுட்டு பொழுது போகலைன்னா என்னைச் சுவரா வரையறாங்க, அலமாரியா வரையறாங்க. ஒருத்தருக்காவது இவ ஏன் திரும்பி நிக்கறான்னு கேக்கத் தோணிச்சா?"

"அது படம். படத்தை அப்படிப் பாக்கக் கூடாது."

"எப்படிப் பாக்கணும்? சொல்லிக் கொடுங்க. நான் இஸ்திரி போடறவ. தினமும் நாப்பது துண்டை மடிச்சுக் கொக்கு பண்ணி நாப்பது கட்டில்ல வெக்கறேன். வர்றவங்க அதுமேலேயே பையைப் போடறாங்க. எந்தக் கொக்கும் ஊர் ஊரா கூரியர்ல போகல."

சின்னவள் துண்டுகளைக் கொக்காக மடிப்பாள் என்பதே பெரியவளுக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"மன்னிப்பு கேக்கணுமா? கேக்கறேன். நோட்டைக் கொடு."

"மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" சின்னவள் நாற்காலியை இழுத்து, மேஜைக்கு மறுபக்கம், நேரெதிரே உட்கார்ந்தாள். "என் முகத்தை வரை."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட விஷயத்தினால் மட்டுமில்லை. சின்னவள் அவளிடம் ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை.

"முகம் கூடாது. முகம் இருந்தா என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"இன்னிக்கு அனுப்பலைன்னாலும் வெளிய அனுப்பிடுவாங்க இல்ல? மணி மூணாச்சு."

"நீ வேணும்னே பண்றே."

"ஆமா. வேணும்னேதான் பண்றேன். உங்க விதி எங்க அடுப்படிக்குள்ள வந்து என்னைப் பின்னாலேர்ந்து பாக்கலாம். நான் அந்த விதிக்குள்ள கால் வெக்கக் கூடாதா?"

சின்னவள் கையை எடுத்தாள். நோட்டு நடுவே கிடந்தது. இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம்தான். ஆனால் கடைசி வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. ஏழாம் நாளின் பக்கம். அதை வெறுமையாக அனுப்புவது முகம் வரைவதைவிடப் பெரிய குற்றம். இன்று இந்த வீட்டில் நடந்தது எது என்று கேட்டால், இதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பெரியவள் பென்சிலை எடுத்தாள்.

முகத்தைப் பார்த்தாள். கடைக்கு வரும் முன்பின் தெரியாத ஆட்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். ஒரு பார்வையில் அளவு சொல்லிவிடுவாள். இந்தக் கண்களுக்கு நடுவே அறுபத்தொரு மில்லிமீட்டர். இடது புருவம் நடுவில் உடைந்திருந்தது. சின்ன வயதில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். முன்பல்லில் ஒரு மூலை இல்லை. வலது கண் இடதைவிடச் சற்றே சுருங்கியிருந்தது.

"உனக்குக் கண்ணாடி வேணும்," என்றாள் பெரியவள். "வலது கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்கறே."

"வியாபாரத்தைக் கடையில வெச்சுக்கோங்க."

"தலை வலிக்குமே சாயங்காலத்துல."

"உங்களைப் பாத்தா காலையிலேயே வலிக்குது. வரைங்க."

கோடுகள் விழ ஆரம்பித்தன. பெரியவள் முதலில் பழிவாங்கும் எண்ணத்துடன்தான் வரைந்தாள். தாடையை இறுக்கினாள். உதட்டோரங்களைக் கீழே இழுத்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் விழும் கோட்டை உள்ளதைவிட ஆழமாக்கினாள்.

"அந்தச் சுவருக்காகத்தானே இதெல்லாம்?" என்றாள் சின்னவள், அசையாமல்.

பென்சில் நின்றது.

"என் ரூம் சுவர்ல நீங்க வரைஞ்சு வெச்சிருந்தீங்க. முழுச் சுவரும். நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப யாரும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த ரூமை எங்களுக்குக் கொடுத்தாங்க. அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடிச்சேன்."

"ஆளை விட்டு அடிச்சாங்கன்னு…"

"ஆள் எங்க வந்தான்? நான்தான் அடிச்சேன். கல்யாணமாகி நாலாம் நாள். ஒரு கோட் அடிச்சேன், மறையல. உங்க பறவையெல்லாம் அப்படியே தெரிஞ்சுது. மூணு கோட் அடிச்சேன்."

சின்னவளின் கையைப் பார்க்காமல் இருக்கப் பெரியவள் படாதபாடு பட்டாள். அந்த வலது கைதான். அந்தச் சுவருக்குப் பெரியவள் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்திருந்தாள். ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சம் நகர நகர, சுவரில் அதற்கேற்ற பறவை. பதினோரு வருடமாக அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே அவை மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

"ஏன்?"

"கண்ணு முழிச்சா உங்க கையெழுத்து. படுத்தா உங்க கையெழுத்து. உங்க வீட்டுக்குள்ள இல்ல, உங்க தலைக்குள்ள குடி வந்த மாதிரி இருந்தது. நான் எங்க இருக்கறது?" அவள் குரலில் குழைவு ஒரு துளிகூட இல்லை. "இதுக்காக நான் வருத்தப்படல. திரும்பவும் அடிப்பேன்."

"நானும் திரும்பவும் முதுகைத்தான் வரைவேன்."

"சரி. இப்ப முகத்தை வரைங்க."

பெரியவள் வரைந்தாள். இப்போது கோபத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை; எதிரே இருந்ததை இருந்தபடி போட்டாலே போதுமாக இருந்தது. உடைந்த புருவத்தை உடைந்தபடி போட்டாள். இறுக்கிய தாடையைச் சற்றுத் தளர்த்தினாள். இரக்கத்தினால் அல்ல, அது அப்படி இல்லை என்பதால். இடுக்கிய கண்ணில்தான் அதிக நேரம் போயிற்று. அந்தக் கண் வெறுக்கிறதா, சரியாகத் தெரியாமல் உற்றுப் பார்க்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் வருகிற மாதிரி ஒரு கோடு கிடைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாலரைக்குக் கணவர் வந்தார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் கால் வைத்தவர், ஓரகத்திகள் இருவரும் இமைக்காமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றார்.

"என்ன நடக்குது இங்க? சண்டையா, படமா?"

"ரெண்டும்தான் மாமா," என்றாள் சின்னவள், தலையைத் திருப்பாமல்.

"முடிஞ்சதும் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே போனார்.

ஐந்தே காலுக்குப் பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். நோட்டைத் திருப்பி எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

சின்னவள் நெடுநேரம் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பெரியவளின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தேனீ அம்மாள் பார்க்கும் முதல் கணத்தை நினைத்துக்கூட அது இப்படி அடித்துக்கொண்டதில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு வெறுப்பாவா உங்களைப் பாக்கறேன்?"

"ஆமா."

"சரியாத்தான் இருக்கு." சின்னவள் நோட்டை மூடினாள். தலையணை உறையை மட்டும் உருவி எடுத்து நான்காக மடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை நேரா பாத்திருக்கீங்க. இதைக் கிழிச்சுட்டு அனுப்பினா எனக்குத் தெரிஞ்சுடும்."

"கிழிக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு விதி இருக்கு."

"நல்ல கூட்டம்," என்றாள் சின்னவள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பழையபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கூரியர் கடைக்குப் பெரியவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் முத்திரை குத்துகிறவர் ஒரு பெட்டிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு வாடிக்கையான ஆள்தான்.

"இன்னிக்கு என்ன இவ்ளோ லேட்டு? பேக் பண்ணிக் கொண்டாரலையா?"

"இங்கயே பண்ணிடறேன்."

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். படத்துச் சின்னவள் கல்லா மேலிருந்து அவளைப் பார்த்தாள். இதுவரை தான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம் என்பதில் பெரியவளுக்குச் சந்தேகமே இல்லை. இது போனால் தன் இடம் போகும் என்பதிலும் சந்தேகமில்லை. அடுத்த சுற்றில் நோட்டு அவளைத் தாண்டிப் போகும். யாரும் திட்டமாட்டார்கள்.

கல்லாவின் ஓரத்தில் பசை டப்பா இருந்தது, உள்ளே ஒரு தூரிகையுடன். அதைப் பார்த்ததும் யோசனை வந்தது. இந்தப் பக்கத்தையும் எதிரே உள்ள இடப்பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டால்? கிழித்தது ஆகாது. முகம் காட்டியதும் ஆகாது. சின்னவளிடம் சொன்னதும் பொய்யாகாது. பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம். ஐந்து பேரில் வேறு யாரும் இதுவரை இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். ஓரத்தில் மட்டும் பூசினால் போதும். நான்கு விளிம்பும்.

தூரிகையை எடுத்தாள். பசை சொட்டியது.

"அட்ரஸ் சொல்லுங்க," என்றார் முத்திரை குத்துகிறவர். அவள் முன்னட்டையின் உட்பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினாள். அவர் எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இதே அட்ரஸுக்குக் காலையிலேயே உங்க வீட்லேர்ந்து ஒண்ணு போச்சே."

"எங்க வீட்லேர்ந்தா?"

"உங்க கொழுந்தன் சம்சாரம். கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னாங்க. பெரிய கவர். ரெண்டு பக்கமும் அட்டை வெச்சு, நீங்க கட்டற மாதிரியே. மேல 'மடிக்க வேண்டாம்'னு எழுதச் சொல்லி என்கிட்டயே பேனா வாங்கினாங்க."

"உள்ள என்ன இருந்தது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? மடிக்கக் கூடாததுன்னா படமாத்தான் இருக்கும். உங்க வீட்ல எல்லாருமே வரைவீங்க போல."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு கல்லா மேல் விழுந்தது. காலையில் படத்தை அனுப்பிவிட்டு, மதியம் வந்து முகம் கேட்டிருக்கிறாள். நாற்பத்தோரு முதுகையும் நேற்றிரவு ஒன்றொன்றாக எண்ணியவள், எண்ணிக்கொண்டு மட்டும் இருந்திருக்கவில்லை. பூட்டிய அறைக்குள், அந்த வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து எதையோ வரைந்திருக்கிறாள். எதை? யாரை?

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. ஷட்டரை இறக்கணும்."

இன்னும் இரண்டொரு நாளில் தேனீ அம்மாளின் துடைத்த மேஜை மேல் சின்னவளின் கையால் வரைந்த ஏதோ ஒன்று இருக்கப்போகிறது. விளக்கைக் கிட்டே இழுத்துவைத்து அவர் அதைப் பார்ப்பார். அதற்குப் பக்கத்தில் தன்னுடையது ஒட்டிப்போன தாளாகக் கிடப்பதைப் பெரியவள் ஒரு கணம் கற்பனை செய்தாள். இடம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைத் தாங்க முடியாது.

தூரிகையை டப்பாவுக்குள் போட்டாள். நோட்டை மூடி, அட்டை வைத்து, தன் கையாலேயே நாடா சுற்றினாள்.

"அனுப்புங்க. அதுவும் இதுவும் ஒண்ணாப் போய்ச் சேருமா?"

முத்திரை குத்துகிறவர் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொட்டலத்தின் மேல் ஓங்கிக் குத்தினார்.

"காலையில போனது காலை வண்டியிலேயே போயிடுச்சும்மா. இது நாளைக்குத்தான் ஏறும். அது ஒரு நாள் முன்னாடி போய்ச் சேர்ந்துடும்."